"நான் மட்டும்தான் மிச்சம்னு தோணுது": ஒரு வாசகியோட கடிதத்துக்கு என் பதில்

போன மாசம் வந்த கடிதங்கள்ல இது ஒண்ணு மட்டும் மேசை மேலயே கிடந்துச்சு, மூணு தடவை படிச்சேன், எடுத்து வைக்க மனசு வரல. எழுதினவங்களை அடையாளம் காட்டற விஷயமெல்லாம் எடுத்துட்டு, அவங்க சம்மதத்தோட சுருக்கமா இங்க போடறேன்.

அவங்களுக்கு 36 வயசு. யாரும் சொல்லாம 17 வயசுல தானா கேட்டு ஞானஸ்நானம் எடுத்தவங்க. கல்யாணம் ஆனப்போ கணவரும் நல்ல விசுவாசி, ரெண்டு பேருமா சேர்ந்து வாலிபர் கூட்டத்துல பாட்டு நடத்தியிருக்காங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி கணவரோட தம்பி நோய்ல இறந்துட்டார். அத்தனை பேர் உபவாசம் இருந்து ஜெபிச்சும் இறந்துட்டார். அடக்கம் முடிஞ்ச வாரமே சபையில ஒருத்தர் வந்து "இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருந்தா பிழைச்சிருப்பார்"னு சொல்லிட்டு போயிருக்கார். அதுக்கப்புறம் கணவர் "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, நடிக்கவும் இஷ்டம் இல்ல"ன்னு ஒரு நாள் அமைதியா சொல்லிட்டார். சண்டை இல்ல, இவங்களை தடுக்கறதும் இல்ல, ஞாயித்துக்கிழமை வீட்லயே இருந்துடுவார், அவ்வளவுதான். பழைய ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கொரு திசையா போயாச்சு. ஆபீஸ்ல சாப்பிடற நேரத்துல விசுவாசிகளை வச்சு கிண்டல் ஓடும், ஒரு நாள் இவங்களும் சேர்ந்து சிரிச்சிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி "நானும் பேதுரு மாதிரி மறுதலிச்சிட்டேன்"னு அழுதிருக்காங்க. எட்டு மாசமா சபைக்கு போகல. பதிலுக்கு ஆன்லைன்ல ஒரு போதகர் பேசறதை கேக்கறாங்க, அவர் சொல்றது "சபைகள் எல்லாம் விழுந்துபோச்சு, மீதியா நிக்கறவங்க கொஞ்சம் பேர்தான், நீங்க அதுல ஒருத்தர்". கேக்க ஆறுதலா இருக்காம், கொஞ்சம் பயமாவும் இருக்காம். ஜெபம் பண்ணா சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு. ஆறு வயசு பொண்ணு "அப்பாவுக்கு ஏன் இயேசப்பாவை பிடிக்கல?"ன்னு கேக்கறா. "சில நாள் காலையில எழுந்திருக்கும்போதே போதும்னு தோணுது"ன்னு ஒரு வரியும் இருக்கு.

கேள்வி என்னன்னா, ஒண்ணுமே உணராம விசுவாசத்துல நிக்கறது நடிப்பா, கணவரை எப்படி எடுத்துக்கறது, ஆபீஸ்ல என்ன செய்யறது, தனியாவே இருந்துடலாமா. கடைசியா கையெழுத்துக்கு மேல ஒரு வரி: "சபையில ஒரு வயசான ஆன்ட்டி மட்டும் ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு வசனம் அனுப்புவாங்க, அதெல்லாம் கணக்குல வராது."

அந்த கடைசி வரிக்கு அப்புறமா வரேன்.

சகோதரி, முதல்ல ஒண்ணு நேரா கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. "போதும்னு தோணுது"ன்னு எழுதினது களைப்புல எழுதினதா, இல்ல வாழ்றதே போதும்ங்கற அர்த்தத்துலயா? ரெண்டாவதுன்னா இந்த பதிலை மூடி வச்சுட்டு இன்னைக்கே கணவர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ வாய்விட்டு சொல்லுங்க, மீதியை அப்புறம் படிக்கலாம். களைப்புதான்னாலும், தூக்கம் சாப்பாடு கெட்டு, எதுலயும் பிடிப்பில்லாம ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுதுன்னா டாக்டரை பாக்கணும். இதை விசுவாச குறைவுன்னு யாராவது சொன்னா அவங்களை எலியாகிட்ட அனுப்பி வைங்க.

ஏன் எலியான்னா உங்க கடிதத்தை படிக்க படிக்க எனக்கு 1 இராஜாக்கள் 19தான் ஓடிட்டே இருந்துச்சு. யேசபேல் ராணி கொல்லுவேன்னதும் ஓடிப்போய் ஒரு சூரைச்செடி கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவு கேட்டவர் அவர். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசிக்கு உடனே கிடைச்சது என்னன்னு பாருங்க, பிரசங்கம் இல்ல, கண்டிப்பும் இல்ல. தூக்கம், தணல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணி, திரும்ப தூக்கம், திரும்ப சாப்பாடு. "நீ போகவேண்டிய தூரம் அதிகம்"னு தேவதூதன் சொல்றதே ரெண்டாவது தடவை எழுப்பும்போதுதான். ஆத்துமாவை பத்தின பேச்சு நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு போனதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

அங்க போய் எலியா சொல்ற வரிதான் உங்க வரி. நான் ஒருத்தன் மட்டும்தான் மீதி. "இங்க உனக்கு என்ன வேலை"ன்னு தேவன்கிட்டேர்ந்து ரெண்டு தடவை கேள்வி வருது, ரெண்டு தடவையும் அச்சு பிசகாம அதே பதில், மனப்பாடம் பண்ணி வச்ச மாதிரி. தனிமையில இருக்கறவங்ககிட்ட நான் அடிக்கடி பாக்கறது இதுதான், ஒரு வாக்கியம் மனசுக்குள்ள ஓடி ஓடி பாறையாயிடும், அப்புறம் வேற எதுவும் காதுல விழாது.

இதுல பலபேர் கவனிக்காத விஷயம் ரெண்டு இருக்கு. ஒரு அதிகாரம் முன்னாடி போங்க. ஆகாப் ராஜாவோட அரமனையிலயே வேலை பாத்த ஒபதியான்னு ஒருத்தர், 100 தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேரா குகையில ஒளிச்சு வச்சு சோறு தண்ணி குடுத்துட்டு இருந்தார். இதை அவரே எலியா முகத்துக்கு நேரா சொல்றார், 18வது அதிகாரம் 13வது வசனம். அதாவது எலியாவுக்கு இது தெரியும், தெரிஞ்சும் "நான் மட்டும்தான்"ங்கறார். அவர் பொய் சொல்லல, களைச்சுப்போன மனசு கணக்கு போடற விதம் அப்படி. ரெண்டாவது, வனாந்தரத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி கூட வந்த வேலைக்காரனை பெயெர்செபாவுல விட்டுட்டு போனது எலியாவேதான். யாரும் அவரை விட்டுட்டு போகல.

சரி, இப்ப உங்க கேள்விகளுக்கு.

ஒண்ணும் உணராம நிக்கறது நடிப்பா?

இல்ல. இல்லாததை இருக்கற மாதிரி காட்டி அதுல ஆதாயம் தேடறதுதான் நடிப்பு. நீங்க காட்டறதுக்கே ஆள் இல்லாம தனியா உக்காந்து சுவத்தை பாத்தாவது ஜெபிக்கறீங்க, இதுல நடிப்பு எங்க வந்துச்சு? 88ஆம் சங்கீதத்தை எடுத்து ஒரு தடவை சத்தமா படிங்க. மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசியில "ஆனாலும் துதிப்பேன்"ங்கற மாதிரி முடியும், இது அப்படி திரும்பவே இல்ல, சிநேகிதன் தோழன் எல்லாரையும் தூரமாக்கிட்டீரேன்னு இருட்டுலயே முடியுது. அதையும் ஜெபம்னுதான் புஸ்தகத்துல சேர்த்து வச்சிருக்காங்க.

அன்னை தெரேசாவோட சொந்த கடிதங்கள் அவங்க இறந்து 10 வருஷம் கழிச்சு 2007ல வெளிய வந்தப்போ பலபேருக்கு அதிர்ச்சி. ஏறக்குறைய 50 வருஷம் அவங்களுக்கு உள்ள இருட்டுதான், கடவுள் இருக்கற உணர்வே இல்லாம. ஆனா அதுல எனக்கு முக்கியமா படறது வேற, அந்த இருட்டை அவங்க மனசுக்குள்ளயே பூட்டி வைக்கல, ஆவிக்குரிய வழிகாட்டிகளா இருந்த சில பேருக்கு எழுதினாங்க. அந்த கடிதங்கள்தான் பின்னாடி வெளிய வந்ததே.

தனிமையை வச்சு ரெண்டு தப்பு முடிவுக்கு வர வாய்ப்பிருக்கு, உங்க கடிதத்துல ரெண்டுமே எட்டிப் பாக்குது. "தனியா இருக்கேன், அப்ப தேவன் என்னை விட்டுட்டார்"ங்கறது ஒண்ணு. "தனியா இருக்கேன், அப்ப நான்தான் சரி, மத்தவங்கதான் விழுந்துட்டாங்க"ங்கறது இன்னொண்ணு. முதலாவது உங்களை அழ வைக்கும், ரெண்டாவது தலையில கிரீடம் வைக்கும். எனக்கு ரெண்டாவதை பாத்தாதான் பயம், அதுக்கு தனியா வரேன்.

கணவர்

முதல்ல உங்க உரிமை, அவர் உரிமை ரெண்டையும் ஒரே தட்டுல வைங்க. 1948ல ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமை பிரகடனத்தோட 18வது பிரிவு, மத சுதந்திரம்னா நம்பிக்கையை மாத்திக்கற சுதந்திரமும் சேர்த்துதான்னு சொல்லுது. உங்களை சபைக்கு போகாதேன்னு தடுக்க அவருக்கு எப்படி உரிமை இல்லையோ அப்படியே அவரை இழுத்துட்டு போக உங்களுக்கும் இல்ல. பவுலும் 1 கொரிந்தியர் 7ல இதையேதான் சொல்றார், நம்பாத துணை கூட வாழ சம்மதிச்சா விட்டுட்டு போகாதீங்க. உங்க கணவர் சம்மதிக்கறார் மட்டுமில்ல, தடுக்காம மதிக்கவும் செய்யறார். பிரியணுமான்னு நீங்க ஓரமா கேட்டிருந்தீங்க, இதுல பிரியறதுக்கு என்ன இருக்கு? (அடி உதை, மிரட்டல், ஜெபிக்கவே விடாம பண்றதுன்னு இருந்தா என் பதில் முழுசா வேற. "போதனையின்றி" கணவனை ஆதாயப்படுத்துங்கற 1 பேதுரு 3ஐ காட்டி அதையெல்லாம் பொறுத்துக்கோன்னு பெண்களுக்கு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.)

இன்னொண்ணு, நீங்க அவரை "விசுவாசத்தை விட்டவர்"னே பதினோரு இடத்துல எழுதியிருக்கீங்க, எண்ணி பாத்தேன். "தம்பியை இழந்தவர்"னு ஒரே இடத்துலதான். அவர் விட்டது தேவனையா, இல்ல "இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருந்தா"ன்னு சொன்ன அந்த ஆளோட தேவனையான்னு எனக்கு உறுதியா தெரியல, அவருக்கே தெரியுமான்னும் தெரியல. அந்த வார்த்தை அன்னைக்கு தப்பு, இன்னைக்கும் தப்பு, அதை சபை சார்பா யாரும் போய் தப்புன்னு சொல்லல. நீங்க சொல்லலாமே. தேவனை பத்தி பேச்செடுக்காம, தம்பியை பத்தி கேளுங்க. சின்ன வயசுல எப்படி இருந்தார், கடைசி நாள்ல என்ன பேசினார்னு. அவரை திரும்ப கொண்டுவர்ற தந்திரமா இதை செஞ்சா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார், அதனால அப்படி செய்யாதீங்க. மூணு வருஷமா ஒரே வீட்ல ரெண்டு பேரும் தனித்தனியா துக்கம் இருக்கீங்கன்னுதான் எனக்கு படுது, நீங்க கணவர் மாறிட்டார்ங்கற துக்கம், அவர் தம்பி போயிட்டார்ங்கற துக்கம்.

பொண்ணுக்கு உண்மையை அவ வயசுக்கு தக்க சொல்லுங்க. "அப்பாவுக்கு சித்தப்பா போனதுல ரொம்ப வருத்தம், அவர் இப்ப நம்பற மாதிரி இல்ல, நான் நம்பறேன், ரெண்டு பேரும் உன்னை நேசிக்கறோம்." இதையே அவர் முன்னாடி சொல்ற அளவுக்கு நியாயமா சொல்லுங்க. "அப்பாவுக்காக ஜெபம் பண்ணு, அப்ப அப்பா மாறிடுவார்"னு மட்டும் சொல்லிடாதீங்க, அவர் மாறலன்னா ஆறு வயசு குழந்தை அது தன் ஜெபத்தோட தப்புன்னு நினைச்சுக்கும். ஏற்கனவே ஒருத்தர் இந்த வீட்டுக்குள்ள அந்த பாரத்தை இறக்கிட்டு போயிருக்கார், போதும்.

ஆபீஸ்

நீங்க பேதுரு இல்லைங்க. ஒரு கிண்டலுக்கு வாய் தவறி சிரிக்கறதும், "அவரை எனக்கு தெரியாது"ன்னு சத்தியம் பண்றதும் ஒண்ணா? சரி, மனசு குத்துதுன்னா அது நல்ல விஷயம்தான், மரத்துப்போகலன்னு அர்த்தம், ஆனா அதுக்கு மேல தண்டனை போட்டுக்காதீங்க.

சாலமன் ஆஷ்னு ஒரு மனோதத்துவ நிபுணர் 1950கள்ல ஒரு பரிசோதனை பண்ணார். ஒரு அட்டையில ஒரு கோடு, இன்னொண்ணுல மூணு கோடு, எது அதே நீளம்னு சொல்லணும், குழந்தைகூட சொல்லிடும். ஆனா ரூம்ல இருக்கற மத்தவங்க எல்லாரும் ஏற்பாடு பண்ண ஆளுங்க, வேணும்னே ஒரே தப்பு பதிலை சொல்வாங்க. அப்படி சொன்ன சுற்றுகள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு பதில் கூட்டத்தோட சாய்ஞ்சிடுச்சு, கண் முன்னாடி இருக்கற கோட்டுக்கே இந்த கதி. அப்புறம் ஒரு மாத்தம் பண்ணார், கூட்டத்துல ஒரே ஒருத்தரை மட்டும் சரியான பதில் சொல்ல வச்சார். அந்த சாய்வு சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. கூட்டத்துல பெரும்பான்மை இன்னும் எதிர்ப்பக்கம்தான், ஆனா பக்கத்துல ஒரே ஒரு ஆள் இருந்தா போதுமா இருந்துச்சு.

அதனால ஆபீஸ்ல உங்க வேலை பிரசங்கம் இல்ல. அடுத்த தடவை கிண்டல் வரும்போது "நான் விசுவாசி, அதனால எனக்கு இதுல சிரிப்பு வரல"ன்னு முகம் சுளிக்காம ஒரு வரி சொல்லிட்டு சாப்பாட்டை தொடருங்க. அந்த மேசையில இன்னொரு ஒபதியா வாயை மூடிட்டு உக்காந்திருக்கலாம், உங்களுக்கு தெரியாது. கேள்வி கேட்டா பதில் சொல்லுங்க, 1 பேதுரு 3:15 சொல்ற மாதிரி சாந்தத்தோட, கேக்கலன்னா விட்டுடுங்க. ஆனா கிண்டல் தாண்டி வேலை, பதவி உயர்வுல கை வைக்க ஆரம்பிச்சா அது வேற கதை. தேதி போட்டு எழுதி வைங்க, மெசேஜ் இருந்தா எடுத்து வைங்க, ஹெச்ஆர்கிட்ட எழுத்துல குடுங்க, தேவைப்பட்டா வக்கீலை பாருங்க. பவுலே தன் ரோம குடியுரிமையை காட்டி கேள்வி கேட்டவர்தான்.

எங்கல்லாம் ஒத்துப்போகலாம்னு ஒரு பட்டியல் கேட்டிருந்தீங்க, என்கிட்ட இல்ல. சீரியா படைத்தலைவர் நாகமான் குஷ்டம் குணமாகி, விசுவாசத்துல தனி ஆளா ஊருக்கு திரும்பும்போது இதே சங்கடத்தைத்தான் கேட்டார், ராஜா என் கையில சாய்ஞ்சுகிட்டு ரிம்மோன்ங்கற அந்த ஊர் தெய்வத்தோட கோவில்ல குனியும்போது நானும் குனிய வேண்டியிருக்கே, மன்னிப்பாரான்னு. எலிசா தீர்க்கதரிசி விதிமுறை எதுவும் குடுக்கல. சமாதானத்தோட போன்னு மட்டும் சொன்னார். எனக்கு இது பல வருஷம் புரியாம இருந்த இடம், இப்பவும் முழுசா புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா தனியா மாட்டிக்கிட்ட ஒருத்தரோட மனசாட்சியை எலிசா எவ்வளவு மென்மையா தொட்டார்னு மட்டும் தெரியுது.

அந்த ஆன்லைன் போதகர்

அவர் யாருன்னு எனக்கு தெரியாது, அதனால ஆளை பத்தி பேசல, அந்த பேச்சை பத்தி பேசறேன். தனியா இருக்கறவங்ககிட்ட "நீ தனியா இருக்கறதே தேவன் உன்னை தேர்ந்தெடுத்ததுக்கு அடையாளம்"னு சொல்றது ரொம்ப சுலபமா விலை போற சரக்கு. நாலு விஷயம் பாருங்க. மத்த சபை எதுக்கும் போகாதேன்னு சொல்றாரா? அவரை யாராவது கேள்வி கேக்க முடியுமா, அவருக்கு மேல யாராவது இருக்காங்களா? காணிக்கை எங்க போகுதுன்னு கணக்கு இருக்கா? நம்பாத குடும்பத்துலேர்ந்து விலகுன்னு மெல்ல மெல்ல தள்ளறாரா? இதுல ரெண்டுக்கு பதில் சரியில்லன்னா கூட நான் விலகிடுவேன்.

"உலகத்துக்கு எதிரா அத்தனாசியுஸ்"னு இவங்க அடிக்கடி சொல்வாங்க. நாலாம் நூற்றாண்டுல எகிப்துல பிஷப்பா இருந்தவர், அஞ்சு தடவை நாடுகடத்தப்பட்டவர், உண்மைதான். ஆனா 356லேர்ந்து ஆறு வருஷம் தலைமறைவா இருந்தப்போ அவரை ஒளிச்சு வச்சது எகிப்து பாலைவன துறவிகள், ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. அவரும் தனி ஆள் கிடையாது.

தனியாவே இருந்துடலாமா?

கொஞ்ச காலம் முடியும். சில பேருக்கு வேற வழியே இல்ல. ஜப்பான்ல 1614ல நாடு முழுக்க கிறிஸ்தவம் தடை ஆச்சு, 1644க்கு அப்புறம் ஒரு பாதிரியார்கூட மிச்சமில்ல. 1865 மார்ச் 17ஆம் தேதி நாகசாகியில புதுசா கட்டின ஓவுரா தேவாலயத்துக்கு கிராமத்து ஆட்கள் கொஞ்சம் பேர் வந்து, அங்க இருந்த பிரெஞ்சு பாதிரியார்கிட்ட ஒரு பெண் மெதுவா, எங்க மனசும் உங்க மனசும் ஒண்ணுதான்னு சொல்லிட்டு மாதா சிலை எங்கன்னு கேட்டாங்க. 200 வருஷத்துக்கு மேல பாதிரியாரே இல்லாம காப்பாத்தியிருக்காங்க. ஆனா தனித்தனியா காப்பாத்தல, ஊருக்குள்ள ஒருத்தர் ஞானஸ்நானம் குடுக்கற பொறுப்பு, ஒருத்தர் திருநாள் கணக்கு பாக்கற பொறுப்புன்னு பிரிச்சு வச்சிருந்தாங்க. அப்படி இருந்தும் தலைமுறை தாண்ட தாண்ட ஜெபத்து வார்த்தைகள் உருமாறி பலதுக்கு அர்த்தமே தெரியாம போச்சு, சில குடும்பங்கள் திரும்ப சபையோட சேரவும் இல்ல. இவ்வளவு கட்டுப்பாடா இருந்தவங்களுக்கே அப்படின்னா, ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஒருத்தர் பேச்சை மட்டும் கேக்கறவங்க நிலைமையை யோசிங்க.

உங்களுக்கு வேற வழி இருக்கு. பழைய சபையே வேணும்னு இல்ல, அந்த வார்த்தை சொன்ன ஆள் அங்கேயே இருந்தா வேற சபை பாக்கறதுல தப்பே இல்ல. ஒண்ணும் உணராமலே போங்க, பாடத் தோணலன்னா பாடாம நில்லுங்க. உயிர்த்தெழுந்த இயேசுவை பாத்தோம்னு மத்த பத்து சீஷரும் சொன்னப்போ தோமா நம்பல. எட்டு நாள் கழிச்சு பாத்தா அதே வீட்டுக்குள்ள அவங்களோட உக்காந்திருக்கார். அவங்களும் வெளிய தள்ளல, இவரும் கிளம்பி போகல. எனக்கும் ஒரு ரெண்டு வருஷம் கடைசி பெஞ்சுல அப்படித்தான் ஓடிச்சு, அதை இங்க விரிக்கல.

பவுலும் கடைசி கடிதத்துல எல்லாரும் என்னை கைவிட்டாங்கன்னு எழுதறார், அதே அதிகாரத்துலயே தீமோத்தேயுவுக்கு, குளிர்காலத்துக்கு முன்னாடி வந்துடு, மேலங்கியை எடுத்துட்டு வா, புஸ்தகங்களையும் எடுத்துட்டு வா, மாற்குவையும் கூட்டிட்டு வான்னு கேக்கறார். வெக்கப்படாம ஆளை கேக்கறார், பொருளை கேக்கறார். எலியாவுக்கும் தேவன், பாகாலை கும்பிடாத ஏழாயிரம் பேர் இன்னும் இருக்காங்கன்னு ஒரு எண்ணிக்கை சொன்னதோட நிறுத்தல, எலிசான்னு ஏர் ஓட்டிட்டு இருந்த ஒரு ஆளை கைகாட்டி அனுப்பினார். அந்த ஏழாயிரத்துல ஒருத்தர் முகத்தையாவது எலியா பாத்தாரான்னு எங்கயும் எழுதல, எலிசா மட்டும் கடைசி வரைக்கும் கூட வந்தார்.

இப்ப அந்த ஆன்ட்டி. எட்டு மாசம்னா ஏறக்குறைய 35 ஞாயித்துக்கிழமை. நீங்க ஒரு தடவைகூட பதில் போடலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்படியும் அனுப்பறாங்க. அவங்க நிலைமை என்ன, அவங்க வீட்ல அவங்களோட உக்காந்து ஜெபிக்க ஆள் இருக்கா, அவங்க எந்த பாரத்தோட அந்த வசனத்தை தேடி எடுத்து அனுப்பறாங்கன்னு உங்களுக்கு தெரியுமா? அவங்களும் அந்த பக்கம் உக்காந்து "நான் மட்டும்தான் மிச்சம்"னு நினைச்சிட்டு இருந்தா? எனக்கென்னவோ பெயெர்செபாவுல விட்டுட்டு வந்த ஆள் இவங்கதானோன்னு தோணுது.

பெரிசா ஒண்ணும் எழுத வேண்டாம், ஏன் வரலன்னு விளக்கமும் வேண்டாம். "ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா"ன்னு மட்டும் அனுப்புங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருக்காம, அவங்க வசனம் வர்றதுக்கு முன்னாடி அனுப்பினா இன்னும் நல்லது.